கூலி அரவையும் செலரானும்

போன வாரம் பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கடைக்கு வந்தார்கள். எழுபதைத் தாண்டிய வயது. மஞ்சப்பைக்குள் துண்டில் சுற்றிய லாப்டாப். அதை மேசைமேல் வைத்த விதத்திலேயே மனக்குறை தெரிந்தது.

“தம்பி, புதுசுன்னு சொல்லித்தான் வாங்குனேன். பெட்டி பிரிக்காமத்தான் வந்துச்சு. உள்ள இருக்கிறது பத்து வருசப் பழசாமே?”

சிங்கப்பூரில் இருக்கும் பேரன்தான் கண்டுபிடித்திருக்கிறான். வீடியோ காலில் படம் அடிக்கடி நின்றுபோகிறது என்று பிராசசர் பெயரைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறான். இணையத்தில் தேடிவிட்டு, “அப்பத்தா, உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க” என்று சொல்லிவிட்டான். அன்று இரவு ஆச்சிக்குத் தூக்கமே இல்லையாம்.

திறந்து பார்த்தேன். இன்டெல்லின் மலிவு ரகப் பிராசசர், செலரான் என்4020. இரண்டு கோர் (கணக்குப் போடும் பகுதி), ஆறு வாட். 2019 கடைசியில் சந்தைக்கு வந்தது. தயாரிப்பு முறை 14 நானோமீட்டர்; இந்த எண் சிறிதாகச் சிறிதாக முறை புதியது என்று அர்த்தம். அந்த முறையில் செய்த பிராசசர்களை இன்டெல் விற்க ஆரம்பித்தது 2014இல். பேரன் சொன்ன கணக்கில் பிழை இல்லை. ஆனால் ஆச்சி கையில் இருந்தது பழைய பொருள் இல்லை, பழைய மெஷினில் புதிதாகச் செய்த பொருள். இந்த வித்தியாசத்தைக் கவுன்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்ல நான் எத்தனையோ தடவை முயன்று தோற்றிருக்கிறேன். காரைக்குடியில் இருபது வருஷமாக கம்ப்யூட்டர் விற்பதும் சர்வீஸ் செய்வதும்தான் என் பிழைப்பு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் குறைந்த விலை மெஷின் கேட்டு வருபவர்கள். அவர்களுக்காக இதை இங்கே நிதானமாக எழுதி வைக்கிறேன்.

எனக்கு இது முதலில் புரிந்தது கம்ப்யூட்டர் புத்தகத்தில் இல்லை, புதுவயலில். அங்கே ஒரு ரைஸ் மில்லில் அப்பா முப்பது வருஷம் மெஷின் ஓட்டினார். பள்ளிக்கூடம் விட்டதும் அவருக்கு டீ வாங்கிக்கொண்டு போவது என் வேலை. அந்த மில்லில் இரண்டு பக்கம் உண்டு. முன்பக்கம் ரப்பர் ரோல் ஷெல்லர், பாலிஷர் என்று புது வரிசை. பின்பக்கம் தகரக் கொட்டகையில் ஒரு பழைய ஹல்லர். முன்பக்கம் ஓடுவது முதலாளியின் சொந்தச் சரக்கு. நெல் வாங்கி, அவித்து, களத்தில் காயவைத்து, அரைத்து, லாரியில் ஏற்றுவார்கள். பின்பக்கம் கூலி அரவை. சுத்துப்பட்டு ஊர்க்காரர்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு மூட்டை, இரண்டு மூட்டை நெல்லை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அரைத்து, கூலி கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஷெல்லர் வந்த புதிதில் அப்பா பட்ட பாடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு ரப்பர் உருளைக்கும் நடுவில் இடைவெளி சரியாக அமையவில்லை. ஒரு நாள் உமி கழலாமல் நெல்லாகவே வரும். மறுநாள் அரிசி நொறுங்கிக் குருணையாகக் கொட்டும். வெளியே வருவதை உள்ளங்கையில் அள்ளி, விரலால் பரப்பி, முழு அரிசி எத்தனை, நொறுங்கியது எத்தனை என்று அப்பா எண்ணிக்கொண்டே இருப்பார். பேங்குத் தவணை மாதாமாதம் நிற்காது. அந்தக் குருணையும் முதலாளி கணக்கில்தான் விழும். பின்பக்க ஹல்லருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அதன் கடன் எப்போதோ அடைந்துவிட்டது. கரண்ட், பெல்ட், எண்ணெய், சல்லடை, ஓர் ஆள் சம்பளம், அவ்வளவுதான். ஷெல்லரைவிட ஹல்லர் அரிசியை அதிகம் நொறுக்கும், உமியும் தவிடும் கலந்தே வரும். ஆனாலும் எந்தச் சத்தத்துக்கு எந்த போல்ட்டை முறுக்க வேண்டும் என்று அப்பாவுக்கு மனப்பாடம். அதனால்தான் அவ்வளவு குறைந்த கூலிக்கு அரைக்க முடிந்தது.

சிப் தொழிற்சாலையும், அதாவது ஃபேப்பும், இதே கணக்கில்தான் ஓடுகிறது. அங்கே தொகைதான் நம் கற்பனைக்கு எட்டாதது. குஜராத்தின் தொலேராவில் டாடாவும் தைவானின் பிஎஸ்எம்சியும் சேர்ந்து அமைக்கும் ஃபேப்புக்கு 91,000 கோடி ரூபாய் என்று அறிவித்திருக்கிறார்கள். மாதம் 50,000 வேஃபர், அதாவது சிப்புகளை வெட்டி எடுக்கும் சிலிக்கான் தட்டு, செய்யும் அளவு. அங்கே செய்யப்போவது 28 முதல் 110 நானோமீட்டர் வரையிலான சிப்புகள். உலகக் கணக்கில் பழைய தலைமுறைதான், அதற்கே இவ்வளவு செலவு. இன்றைய முன்னணி ஃபேப்புகளில் சிப்பின் படத்தை வேஃபர்மேல் பதிக்கும் ஈயுவி மெஷின் ஒன்று மட்டுமே 15 கோடி டாலருக்கு மேல். நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் தவிர வேறு யாரும் அதைச் செய்வதில்லை.

இந்த மெஷின்களின் விலையைக் கணக்குப் புத்தகத்தில் வருஷா வருஷம் தேய்மானமாகக் கழிப்பார்கள். மற்றவர்களுக்குச் சிப் செய்துகொடுக்கும் தைவானின் டிஎஸ்எம்சி ஐந்து வருஷத்தில் கழிக்கும். இன்டெல்லும் ஐந்து என்று வைத்திருந்து, 2023 முதல் எட்டு வருஷமாக்கியது. மெஷின் அதைவிட அதிக காலம் உழைக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். கழித்து முடிந்த பிறகு அதே கட்டடம், அதே மெஷின். ஆனால் ஒவ்வொரு வேஃபர் தலையிலும் ஏறியிருந்த மெஷின் விலை இறங்கிவிடும். மிஞ்சுவது ரசாயனம், கரண்ட், தண்ணீர், சம்பளம், பராமரிப்பு. கோளாறுகளையெல்லாம் பல வருஷமாக ஒவ்வொன்றாகச் சரிசெய்து வந்திருப்பதால் வேஃபரில் கெட்டுப்போகும் சிப்பும் குறைவு. 14 நானோமீட்டருக்கு ஈயுவி தேவையே இல்லை. இந்த மூன்றும் சேர்ந்துதான் ஆச்சியின் செலரான் அந்த விலைக்கு வருகிறது.

அப்படியானால் எல்லா சிப்பையும் பழைய ஃபேப்பிலேயே செய்யலாமே என்று கேட்டால், அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. வேஃபர் என்பது 12 அங்குல வட்டத் தட்டு. வட்டத் தாம்பாளத்தில் ஊற்றிய மைசூர்பாகைச் சதுரமாக வெட்டுவதுபோலத்தான். ஓரத்தில் இருப்பது வீண், துண்டு பெரிதானால் எண்ணிக்கை குறையும். 100 சதுர மில்லிமீட்டர் சிப் என்றால் ஒரு தட்டில் 600க்குக் கொஞ்சம் மேல் தேறும். 200 என்றால் 300 சொச்சம்தான். பழைய முறையில் டிரான்சிஸ்டர்கள் பெரியவை. அதில் எட்டு கோர், பெரிய கிராஃபிக்ஸ் என்று வைத்தால் சிப் பெருத்து, கரண்ட்டும் குடித்து, மலிவு என்ற காரணமே போய்விடும். அதனால்தான் மலிவு சிப்பைச் சில கோர்களோடு, சின்ன கிராஃபிக்ஸோடு, சிக்கனமாக வரைகிறார்கள். செலரானில் ஏன் இரண்டே கோர் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதிலில் பாதி இதுதான்.

இதுவரைக்கும் எல்லாம் நல்ல சேதிதான். நான் கவலைப்படுவது இதற்கு அடுத்த பகுதிக்கு.

மில்லில் தை மாத அறுவடை சமயத்தில் முன்பக்க மெஷின் படுத்தால், முதலாளி தன் சரக்கைப் பின்பக்கம் திருப்பிவிடுவார். அன்று கூலி நெல் கொண்டுவந்தவர்கள் மூட்டையோடு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். “நாளன்னைக்கு வாங்க” என்று அப்பா சொல்ல வேண்டியிருக்கும். அப்படிச் சொன்ன நாட்களில் அவர் வீட்டில் சரியாகச் சாப்பிட்டதில்லை.

இதே காட்சியை 2018இல் என் கடை வாசலில் பார்த்தேன். 2016 வாக்கில் வந்திருக்க வேண்டிய இன்டெல்லின் 10 நானோமீட்டர், நல்ல சிப் போதுமான அளவு தேறாமல் இழுத்துக்கொண்டே போனது. அது வராததால் எல்லாமே 14 நானோமீட்டர் வரிசையில் வந்து நெருக்கியது. சர்வருக்கான ஜியான் அங்கே, மேசைக் கணினிக்கான கோர் அங்கே, லாப்டாப் சிப் அங்கே, போர்டில் உட்காரும் சிப்செட் அங்கே, ஐபோனுக்குப் போன மோடம் சிப்பும் அங்கே. அந்த செப்டம்பர் கடைசியில் இன்டெல்லின் இடைக்காலத் தலைவராக இருந்த பாப் ஸ்வான் வெளியிட்ட கடிதத்தில், ஜியானுக்கும் கோருக்கும் முன்னுரிமை கொடுக்கிறோம், 14 நானோமீட்டர் உற்பத்தியைக் கூட்டக் கூடுதலாக 100 கோடி டாலர் போடுகிறோம் என்று இருந்தது. முன்னுரிமைப் பட்டியலில் இல்லாத பெயர்கள் பென்டியமும் செலரானும். என் வாடிக்கையாளர்கள் வாங்கியது அவற்றைத்தான்.

மதுரை டீலரிடம் பென்டியம் ஜி5400 கேட்டால் “ஸ்டாக் இல்லண்ணே, வந்தா சொல்றேன்” என்பார். வந்தாலும் போன மாத விலையில் வராது. தேவகோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் மூன்று வாரம் காத்திருந்தார். டைப்பிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருக்கும் ஓர் அக்கா ஆறு மெஷினுக்கு முன்பணம் கொடுத்திருந்தார். பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்புறம்தான் பழைய ஹல்லர்களைத் தூசு தட்டி எடுக்கும் வேலை ஆரம்பித்தது. இன்டெல்லின் எச்310 சிப்செட்டை 14 நானோமீட்டரிலிருந்து திரும்பவும் 22க்குக் கொண்டுபோனார்கள். போர்டில் உட்காரும் அந்தச் சிப்புக்கு 22 தாராளமாகப் போதும். 14 வரிசையில் ஒழியும் இடத்தில் பிராசசர் செய்யலாம். 2019 ஆரம்பத்தில் பெயர்க் கடைசியில் ‘எஃப்’ போட்ட சிப்புகள் வந்தன. உள்ளேயிருக்கும் கிராஃபிக்ஸ் வேலை செய்யாதபடி அடைத்த பிராசசர்கள். கிராஃபிக்ஸ் பகுதி கெட்டுப்போனவற்றையும் வீணாக்காமல் விற்க இது வழி. அரிசி மில்காரன் மகனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. குருணையை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை, உப்புமாவுக்கும் கஞ்சிக்கும் தனி விலையில் போகும். ஐ3-9100எஃப் எத்தனை விற்றேன் என்று எண்ணவில்லை, அவ்வளவு விற்றேன். கிராஃபிக்ஸ் கார்டு தனியாகப் போட வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் விற்றேன். 2019 டிசம்பரில் இன்னொன்றும் நடந்தது. நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்திருந்த பென்டியம் ஜி3420 நிறுத்தத்தை இன்டெல் ரத்து செய்தது. அது 2013இல் வந்த 22 நானோமீட்டர் சிப். ஆறு வருஷம் ஆன சரக்குக்குத் திரும்பவும் ஆர்டர் எடுத்தார்கள்.

அந்த நாட்களில் என் கடையைக் காப்பாற்றியது இன்டெல்லின் போட்டிக் கம்பெனி ஏஎம்டியின் மலிவு பிராசசர் ஏத்லான். 2018 செப்டம்பரில் ஏத்லான் 200ஜிஈ, 2019 நவம்பரில் 49 டாலர் விலை அறிவிப்போடு ஏத்லான் 3000ஜி. இரண்டுமே 14 நானோமீட்டர், செய்துகொடுத்தது குளோபல்ஃபவுண்டரிஸ். அந்த கம்பெனி 2018 ஆகஸ்டில் 7 நானோமீட்டர் முயற்சியைக் கைவிட்டு, இருக்கும் வரிசைகளையே நன்றாக ஓட்டுவது என்று முடிவெடுத்தது. ஏஎம்டி தன் உயர்ந்த ரக கோர்களை 7 நானோமீட்டருக்காக டிஎஸ்எம்சிக்குக் கொண்டுபோனது. ஆனாலும் பழைய இடத்தை விடவில்லை. அந்த உயர்ந்த ரகத்தில் ஒன்றான ரைசன் 3000 பிராசசரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கோர் துண்டு டிஎஸ்எம்சியின் 7, பக்கத்தில் மெமரியையும் மற்றதையும் இணைக்கும் துண்டு குளோபல்ஃபவுண்டரிஸின் 12. எதற்குப் புது மெஷின் வேண்டும், எதற்குப் பழசு போதும் என்று பிரித்துப் பார்த்த அந்த யோசனை எனக்கு இன்றும் பிடிக்கும். 2022 முதல் 2025 வரை குளோபல்ஃபவுண்டரிஸிடம் சுமார் 210 கோடி டாலருக்கு வேஃபர் வாங்கவும் ஒப்பந்தம் போட்டார்கள்.

மொபைலிலும் இதே கதைதான், நீட்ட வேண்டியதில்லை. 2021 தீபாவளிக்கு 6,499 ரூபாய்க்கு வந்த ஜியோபோன் நெக்ஸ்டில் இருந்தது 28 நானோமீட்டர் ஸ்னாப்டிராகன் 215. மீடியாடெக்கின் ஹீலியோ ஜி85, 12 நானோமீட்டர், 2020இல் வந்தது. 2023இல் வெளியான ரெட்மி 13சியிலும் அதே சிப்தான்.

மலிவு பிராசசர் இருப்பது மிச்ச இடத்தில். அந்த இடம் யாருக்கும் வேண்டாதபோது நமக்கு நல்ல சிப் நல்ல விலைக்கு வரும். பெரிய ஆளுக்கு இடம் தேவைப்பட்ட அன்று முதலில் எழுந்து நிற்க வேண்டியவர் ஜெராக்ஸ் கடைக்காரர். 2025 ஏப்ரலில் இன்டெல் தன் வாயாலேயே சொன்னது: வாங்குகிறவர்கள் முந்தைய தலைமுறை சிப்புகளையே அதிகம் கேட்கிறார்கள், அவற்றைச் செய்யும் ‘இன்டெல் 7’ வரிசையில் இடம் போதவில்லை என்று. நான் இன்று குறைந்த விலைக்குத் தைரியமாகச் சிபாரிசு செய்யும் இன்டெல்லின் என்100 பிராசசரைச் செய்வதும் அதே வரிசையில்தான். அந்தச் செய்தியைப் படித்தபோது, வாசலில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

அதே 2025இல் ஐ5-110 என்று ஒரு பிராசசர் வந்தது. விவரம் பார்த்தால் 2020இன் ஐ5-10400 தான். அதே ஆறு கோர், அதே 14 நானோமீட்டர். பழைய வரிசையில் செய்து விற்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, என் சோறே அதில்தான். ஆனால் பழைய அரிசிக்குப் புதுச் சாக்கு போட்டு, ரகம் மாறியதுபோலக் காட்டுவதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. வாங்குகிறவர் பேரனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைமை வரக்கூடாது.

சரி, ஆச்சியின் லாப்டாப்புக்கு வருகிறேன்.

படம் நின்றுபோனதற்குக் காரணம் 14 நானோமீட்டர் இல்லை. 4 ஜிபி ராம். விண்டோஸ் எழுந்து உட்காருவதற்கே அதில் பெரும்பங்கு போய்விடும். பிரவுசரைத் திறந்து வீடியோ கால் போட்டால் மெஷின் மூச்சு வாங்கும். மலிவு லாப்டாப் விற்கிறவர்கள் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான். அதைத்தான் நான் ஏமாற்று என்பேன். அடிமூடியைக் கழற்றினேன். நல்லவேளை, ராம் போர்டோடு பற்ற வைத்ததில்லை, மாற்றக்கூடிய ஸ்லாட் இருந்தது. என்4020 அதிகபட்சம் எடுக்கும் 8 ஜிபி போட்டேன். அந்த ராமின் ரகமான டிடிஆர்4 உற்பத்தியைக் குறைக்கப்போவதாக மெமரி கம்பெனிகள் சொன்னதிலிருந்து அதன் விலையும் ஏறித்தான் கிடக்கிறது.

ஹீட்சிங்க்கையும் கழற்றினேன். காய்ந்த பேஸ்ட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்ததும் சிப் வெளியே வந்தது. பச்சைப் பலகை நடுவில், கட்டைவிரல் நகம் அகலத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி. லைட்டுக்குக் கீழே சாய்த்தால் ஊதா நிறம் மெல்ல ஓடும். ஆச்சி மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தார்கள்.

“இத்துனூண்டா? இதுக்குள்ளயா எல்லாம் நடக்குது?”

“இதுக்குள்ளதான் ஆச்சி.”

புதுவயல் மில் கதையைச் சொன்னேன். அவர்கள் வீட்டுக்கே அந்தக் காலத்தில் புதுவயலில்தான் நெல் அரைத்தார்களாம். ஹல்லர் என்றதும் பாதியிலேயே பிடித்துக்கொண்டார்கள். “அப்ப இது கூலி அரவையில வந்தது. அரிசி நல்லாத்தான் இருக்கும், பளபளப்பு இருக்காது” என்றார்கள். இத்தனை வருஷத்தில் இதைவிடச் சரியாக யாரும் எனக்குத் திருப்பிச் சொன்னதில்லை.

மூடித் திருகியபின் கடையிலிருந்தே சிங்கப்பூருக்குக் கூப்பிட்டோம். பதினைந்து நிமிடம் பேசினார்கள். படம் நிற்கவில்லை. பேரன் என்னிடமும் இரண்டு வார்த்தை பேசினான். நல்ல பையன், அப்பத்தாமேல் உள்ள அக்கறையில் சொன்னதுதான்.

கிளம்பும்போது ஆச்சி கேட்டார்கள்: “பழைய மெசின்ல செஞ்சதுன்னு வித்தவன் முன்னாடியே சொல்லியிருந்தா நான் வாங்கியிருப்பேன் தம்பி. நீ வித்திருந்தா சொல்லியிருப்பியா?”

ராம் எவ்வளவு, எத்தனை கோர், கிராஃபிக்ஸ் உண்டா இல்லையா, எல்லாம் சொல்லித்தான் விற்கிறேன். எந்த வருஷத்துச் சிப், எந்த முறையில் செய்தது என்று கேட்காதவர்களிடம் நானாகச் சொன்னதில்லை. அதை அப்படியே ஆச்சியிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு பையை எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே பில் அடிக்கும் சாஃப்ட்வேரில் ஒரு வரி சேர்த்தேன். பிராசசர் பெயர், அது சந்தைக்கு வந்த வருஷம், தயாரிப்பு முறை. நேற்று கோட்டையூரிலிருந்து கல்லூரியில் சேரும் மகளோடு வந்த ஒருவர் பில்லைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, “2023, இன்டெல் 7ன்னு போட்டிருக்கே, என்னண்ணே இது?” என்று கேட்டார். ரெண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.